அப்பா எழுந்து நின்ற குறுநாடகம்

அண்ணா,

அப்பாவின் விரல்களை நீ இரண்டாவது தடவை வெட்டியிருக்கிறாய். முதல் தடவை மெஷின் வெட்டியது. அதற்காவது கண் கிடையாது.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தெரியும். நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். நீயும் நலமாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் உடம்பு சரியில்லாதவனைத் திட்டக் கூடாது என்பாள் அம்மா. "புதிய குறுநாடகங்கள் போடுகிறார்கள், என்னுடையதும் ஒன்று இருக்கிறது, அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ, எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தாய். பயமாக இருக்கிறது என்றே எழுதியிருக்கலாம். மை அதே அளவுதான் செலவாகியிருக்கும்.

அரங்கம் என்று நீ சொன்னது ஒரு நாற்காலிக் கடையின் மேல்மாடி. கீழே கண்ணாடிக்குப் பின்னால் யாருமே உட்காராத சோபாக்கள், மேலே எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்த நாட்டில் எல்லாமே இப்படித்தான், அதை விடு. அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வலது கையை வழக்கம்போலப் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு நாடகமும் கால் மணி நேரம்தான் என்று சொன்னதும் அம்மா, "இதுக்கா தலை வாரிட்டு வந்தேன்?" என்று கேட்டாள்.

முதல் நாடகத்தில் பிரிந்துபோக முடிவு செய்த புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுச் சாமான்களைப் பங்கு போடுகிறார்கள். கட்டில், மெத்தை, கடிகாரம் எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்து, கடைசியில் பிரஷர் குக்கரில் வந்து நிற்கிறது. அவன் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறான், அவள் மூடியைப் பிடித்துக்கொள்கிறாள், அப்படியே விளக்கு அணைகிறது. நான் "அட!" என்று நினைத்து முடிப்பதற்குள் அம்மா, "கரண்ட் போயிடுச்சு" என்று பையிலிருந்து டார்ச்சை எடுத்து மேடையைப் பார்த்து அடித்துவிட்டாள். அங்கே பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாக மேஜையைத் தூக்கிக்கொண்டு திருடர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "அணைங்கம்மா, அது முடிவு!" என்று கத்தினார்கள். "முடிவா? குக்கர் யாருக்குன்னு சொல்லவே இல்லையே!" என்றாள் அம்மா. அப்பா மெல்ல, "அதைத்தான் நம்மை யோசிக்கச் சொல்றாங்க போல" என்றார். எனக்கு அவரைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. நம் வீட்டில் டிவி பார்க்கும்போது முதலில் தூங்கிப்போகிறவர் அவர்தானே.

இரண்டாவதை எழுதியது யாரோ ஒரு பெண். நேர்மையாகச் சொல்கிறேன், அது உன்னுடையதைவிட நல்ல நாடகம். கால் சென்டரில் வேலை செய்கிற ஒருத்தி நாளெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்கிறாள். கழிப்பறைக்குப் போகக் கையைத் தூக்கிக் காத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவிடமும் அதே குரலில் பேசிவிடுகிறாள். அவளுடைய அம்மா, "யாருடி பேசறது?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் நாடகம். அவளைப் போலவே ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிற என் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று எந்தச் செய்தித்தாளும் எழுதியதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அம்மா மேடையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுக்குப் போகக்கூடவா கையைத் தூக்கணும்?" என்று காதோரம் கேட்டாள். தலையாட்டினேன். அதற்கப்புறம் அந்த நாடகம் முடியும்வரை என் மணிக்கட்டை விடவேயில்லை.

மூன்றாவது உன்னுடையது. திரை விலகியதும் கம்பெனி கேட், ஒரு ஸ்டூல், வலது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஒரு வாட்ச்மேன். அம்மா என்னை இடித்தாள். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன். மேடை வாட்ச்மேனிடம் அவருடைய பிள்ளைகள் விரல் எங்கே என்று கேட்கிறார்கள். ஒரு நாள் விரலைப் புலிக்குச் சாப்பிடக் கொடுத்தேன் என்கிறார், இன்னொரு நாள் நிலாவுக்குக் கடன் கொடுத்தேன், வளர்பிறையில் திருப்பித் தரும் என்கிறார். ஜனங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நிலாக் கதை எனக்குச் சொன்னதுடா, ஊருக்குச் சொன்னதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தலையைக் கோதிக்கொண்டே சொன்னது. அதைத் தூக்கி மேடையில் வைக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், சொந்தக் கதையை யாரோ நன்றாகச் சொல்லும்போது சிரிக்கிற மாதிரி.

கடைசியில் வளர்ந்த மகன் கேட்கிறான்: "விளையாடாதீங்கப்பா. நிஜமா எப்படிப் போச்சு?" மேடை அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "என் கவனக்குறைவுதான்டா" என்கிறார். விளக்கு அணைகிறது.

இருட்டில் என் பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது.

"இல்ல" என்று ஒரு குரல். "கவனக்குறைவு இல்ல. மெஷினுக்கு முன்னாடி இருந்த தடுப்பைக் கழட்டிட்டாங்க."

அம்மா டார்ச்சை அடித்தாள். இந்தத் தடவை அப்பா மேல். அவர் எழுந்து நின்றிருந்தார். வலது கை வெளியே இருந்தது. விளக்குப் போடுகிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது, அரங்கத்தில் வேறு வெளிச்சமே இல்லை. மேடை இருட்டிலிருந்து, உன் வேடத்தில் நடித்தவர் கேட்டார்: "யாருப்பா கழட்டினது?"

நீ கேட்க வேண்டிய கேள்வி அது. சம்பந்தமே இல்லாத ஒருவர் கேட்டார். அதுவும் 'அப்பா' என்று கூப்பிட்டு.

"சூப்பர்வைசர். தடுப்பு இருந்தா கை மெதுவாப் போகுதாம், உருப்படி குறையுதாம். வேணாம் சார்னு சொன்னேன். பயமா இருந்தா வீட்டுக்குப் போன்னாரு. வீட்டுல ரெண்டு குழந்தைங்க. என்ன பண்றது, கையை விட்டேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா டார்ச்சை அணைத்தாள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு தாடிக்காரர் திரும்பி, "என்ன ஒரு உத்தி! நமக்கு நடுவுலயே ஆளை உட்கார வச்சிருக்காங்க பாருங்க" என்றார். "உத்தி இல்ல சார், எங்கப்பா" என்றேன். "ஓ, நீங்களும் நடிக்கிறீங்களா?" என்றார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டகூட ஏன் சொல்லல?" என்று கேட்டாள். "அந்த சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிட்டு வந்தாரே, அன்னிக்குத்தான் சொன்னாரு, கவனக்குறைவுன்னு சொல்லிடு, கேட்டுல உனக்கு ஒரு வேலை போட்டுத் தரேன்னு. ஒரு வாட்டி சொல்லிட்டா அப்புறம் எல்லார்கிட்டயும் அதையே சொல்லணும்ல? சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு." அம்மா ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு, "அந்தப் பழத்தை நான்தான் நறுக்கினேன். ஒரு துண்டு வாயில போட்டுட்டு, நல்ல மனுஷன்னு வேற சொன்னேன்" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அழுதுகொண்டே அவர் தொடையில் ஒரு அடி வைத்தாள்.

கவனக்குறைவு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் எந்த மெஷின் பக்கமும் போயிருக்க மாட்டான். தடுப்பைக் கழற்றச் சொன்னவனுக்கு எத்தனை பதவி உயர்வு வந்தது என்று நாம் கேட்டதில்லை, அவன் காருக்குத்தான் அப்பா கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். நீ அந்தப் பொய்யைக் கூட்டத்துக்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டாய். ஆகவே, இந்த நாடகத்தை உடனே நிறுத்து. அந்தக் கடைசி வரியைக் கிழித்துப் போடு. எங்களைப் பற்றி இனி ஒரு எழுத்து எழுதாதே. நாங்கள் இனி எந்தக் குறுநாடகத்துக்கும் வருவதாக இல்லை.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள், தலையணை உறையைத் துவைக்கச் சொன்னாள். இரண்டையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்.

கோபத்துடனும், அது தணிந்த பிறகு அன்புடனும்,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எதுக்கு நிறுத்தணும்? எவ்வளவு நல்லா எழுதியிருக்கான்" என்கிறார். வரியையும் மாற்றக் கூடாதாம். "அந்த ஆளு அதைச் சொன்னாத்தானே நான் எழுந்து இல்லன்னு சொல்ல முடியும்?" அதனால் மேலே எழுதியது எதுவும் செல்லாது, திட்டைத் தவிர. அடுத்த வாரமும் அதே நாடகங்கள் நடக்கின்றன, எல்லா நாளும் வரப் போகிறாராம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது முட்டி இடிக்கிறது, ஓரத்து நாற்காலி வேண்டும் என்கிறார். அம்மாவும் நானும் பின்னால் உட்கார வேண்டுமாம், அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்க வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டேன். சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது உனக்குத்தான். என்றைக்கு வருகிறாய்? இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது.