அடுப்புப் பேச்சு போன காரணம்

ஸ்மரண்டா நேற்று தலைநிமிராமல் நான்கு பக்கம் குறிப்பெடுத்த காட்சி இன்று மேடையில் இல்லை.

தீனு அடுப்பருகே நின்று, செத்துப்போன அண்ணனைப் பற்றிப் பேசும் நீண்ட பேச்சு அது. இன்று அவன் உள்ளே வந்தான், தொப்பியைக் கழற்றினான், "சூப் ஆறிப்போச்சு அண்ணி" என்றான். அவ்வளவுதான். அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

பிரயிலா நகரில், துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சிறிய நாடக அரங்கில் அவளுக்கு இது மூன்றாவது வாரம். புகாரெஸ்டில் நாடக இயக்கம் படிக்கிறாள். ஆய்வுக் கேள்வி ஒற்றை வரி: ஓர் இயக்குநர் எதைக் கொண்டு ஒரு காட்சியை வைக்கிறார், எதைக் கொண்டு எடுக்கிறார்? திங்கட்கிழமை விடையோடு போய் நிற்காவிட்டால் பட்டம் இல்லை. சென்ற ஆண்டு ஒரு தடவை வெறுங்கையோடு நின்றாயிற்று. மூன்றாம் தடவைக்கு விதியில் இடமில்லை.

அவள் ஆராய வந்த ஆள் ஒக்டாவ் மனெஸ்கு. எல்லோருக்கும் மாஸ்டர். எழுபத்தொரு வயது. ஒத்திகையில் வாய் திறக்கமாட்டார். ஐந்தாம் வரிசை ஓரத்தில், உடம்பைச் சற்றே திருப்பி, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலை ஒவ்வொரு நடிகரின் ஒப்பனைக் கண்ணாடியிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு செருகியிருக்கும். என்ன மாற வேண்டும் என்று அதில் இருக்கும். ஏன் என்று இருக்காது.

ஸ்மரண்டாவிடம் மட்டும் தனிப் பரிவு. தனக்கு நேர் எதிர்ப்பக்கம் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். எழுதப் பலகை, ஒரு மேசை விளக்கு. "விளக்கைக் கிட்ட வெச்சுக்கோம்மா" என்றார். அவராக அவளிடம் பேசியது அது ஒன்றுதான்.

"அடுப்புப் பேச்சு ஏன் போச்சு?" என்று தீனுவைக் கேட்டாள்.

"என்னைக் கேட்டா? பன்னெண்டு நாள் மனப்பாடம் பண்ணேன். பொண்டாட்டிகிட்டகூட அவ்ளோ நேரம் சேர்ந்தாப்ல பேசினதில்ல."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. அது இல்லாம நாடகம் நல்லாயிருக்கு பாரு, அதுல இன்னும் கோவம்."

இடைவேளையில் துணிந்து மாஸ்டரிடமே போனாள். "அடுப்புப் பேச்சை ஏன் எடுத்தீங்க மாஸ்டர்?"

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையசைத்து, "மழைதான்" என்றார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அன்று மாலை புகாரெஸ்டில் இருக்கும் தன் பேராசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"மழையா?"

"மழைதான்னார், மேடம்."

"ஆழமா இருக்கு. எழுதிக்கோ."

மழையைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினாள். ஒன்பதும் அவளுக்கே புரியவில்லை.

இனி ஒரு நொடியும் தவறவிடக்கூடாது என்று, கடைவாய்ப்பல் வலியோடு மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். மேடையில் இரண்டாம் அங்கம். விதவையாக நடிக்கும் லுமினீட்சா கணவனின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் இடம். விளக்குப் போடுகிறவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்மரண்டாவுக்கு மட்டும் பல்வலியில் கண்ணில் நீர் வழிந்தது.

மேடைக்கடியில் குழியிலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் வியோரிகா, தலையை நீட்டி அவளிடம் ஒரு கிராம்பை எறிந்தாள். "முதல்ல அந்தப் பல்லப் புடுங்கு. உன்னால எல்லாருக்கும் கஷ்டம்."

மறுநாள் சீட்டில்: "கால்சட்டைக் காட்சியில் யாரும் சிரிக்கவைக்க வேண்டாம். அது துக்கம்."

"இருபது வருஷமா சிரிக்கவைக்கிறேன்" என்றாள் லுமினீட்சா. "கால்சட்டைய எப்படிடீ துக்கமா போட்டுக்கறது?"

ஆனால் போட்டுக்கொண்டாள். அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. செத்தவனின் கால்சட்டை அது என்பது எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஸ்மரண்டா பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். மருத்துவர் கொடுத்த மாத்திரை தூக்கத்தில் ஆழ்த்தியது. மூன்றாம் அங்கம் முழுக்க உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

மறுநாள் மூன்றாம் அங்கமே இல்லை.

"சனிக்கிழமை முதல் காட்சி" என்றான் தீனு. "இந்த வேகத்துல போனா, திரையைத் தூக்கி வணக்கம் சொல்லிட்டு இறக்கவேண்டியதுதான்."

அவள் நோட்டில் இப்போது மிஞ்சியது மேடையில் இல்லாத காட்சிகளின் பட்டியல். மறுபடி பேராசிரியையை அழைத்தாள்.

"நீ ரொம்ப உணர்ச்சிவசப்படற" என்றாள் பேராசிரியை. "ஆய்வாளர்னா கல்லு மாதிரி இருக்கணும். சிரிக்காத, அழாத, தூங்காத. பாத்துக்கிட்டு மட்டும் இரு."

இரண்டு நாள் அவள் அப்படியே இருந்தாள். தாடையை இறுக்கி, இமையைக்கூட எண்ணி இமைத்தாள்.

முதல் நாள் காலை கண்ணாடிகளில் சீட்டு இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஒப்பனை அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"திட்டி எழுதியிருந்தாக்கூடத் தாங்கிக்கலாம்" என்றாள் லுமினீட்சா. "நம்மள வெறுத்துட்டாரு."

நண்பகலிலேயே ஒத்திகை கலைந்தது. மாஸ்டர் மட்டும் ஐந்தாம் வரிசையில் இருந்தார். ஏதோ கேட்க வந்தவர்போல அவளை ஏறிட்டார், கேட்கவில்லை. அவளும் முகத்தை இறுக்கியபடியே கடந்து போனாள்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வசனக் குழியருகே குனிந்தாள்.

"நான் கிளம்பறேன் அக்கா. எதைப் பாத்து முடிவெடுக்கிறாருன்னு கடைசிவரைக்கும் தெரியல. பட்டம் போச்சு."

வியோரிகா நாடகப் பிரதியை மூடிவைத்தாள். மாஸ்டரைத் தவிர யாருமில்லாத அரங்கை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு, தாழ்த்த அவசியமே இல்லாத குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"போகாத கண்ணு. அவருக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு; உன் முகத்தப் பாத்துத்தான் இவ்ளோ நாளும் நாடகத்தக் கேட்டாரு, ரெண்டு நாளா அதுலயும் ஒண்ணும் கேக்கலைங்கறாரு."