சலாஹுதீன் கடையில் கணக்கை முடித்தது பற்றி

ரிங்லெட்,
18.11.1979

மதிப்பிற்குரிய மச்சான் கந்தசாமி அவர்களுக்கு,

காளியண்ணன் எழுதிக்கொள்வது. நானும், தங்கள் தங்கை நாகரத்தினமும், பிள்ளை சாரதாவும் இந்த மலைக்குளிர் அனுமதிக்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். ஈப்போவில் தாங்களும் அக்காவும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் தங்களைப் போன்ற கல்விப் பிரிவுச் செயலாளருக்குச் சுகக்கேடு வரக் காரணமில்லை. அதெல்லாம் அவர் பேச்சைக் கேட்டுப் பாடம் நடத்தப் போகிறவனுக்குத்தான்.

தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பணத்தைக் கையாளவும், கடனை அளவோடு வாங்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குத் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணியான என்னைவிடத் தகுந்த ஆள் இந்த மலையில் இல்லை என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். நானும் நம்பிவிட்டேன். தாங்கள் அனுப்பிய அறிக்கைத் தாளில் 'வருகை', 'பயன்' என்று இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன. நடந்தது அந்தக் கட்டத்துக்குள் அடங்காததால் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வகுப்பு. தேத்தண்ணியும் பன்னும் உண்டு என்று சொன்னதால் வருகைக்குக் குறைவில்லை. முதல் வாரம், செலவை எழுதிப் பழகச் சொன்னேன். மருந்தடிக்கிற இருளப்பன் கள்ளுக் காசை 'வைத்தியச் செலவு' என்று எழுதியிருந்தார். அதே தாளில் அவர் சம்சாரம் அதை அடித்துத் திருத்தியும் இருந்தார். இரண்டாம் வாரம் தவணைச் சாமான். இருளப்பன் வாங்கிய டெலிவிஷனை எடுத்துக்கொண்டு, தவணையெல்லாம் கூட்டினால் ஒன்றரைப் பெட்டி விலை வருகிறது என்று பலகையில் போட்டுக் காட்டினேன். அந்த அரைப் பெட்டி எங்கே போச்சு என்று கொழுந்து பறிக்கிற தங்கம்மா கேட்டார். தவணைக் கடைக்காரன் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். மண்டபமே சிரித்தது. எனக்குத் தலைக்கனம் வந்தது அன்றுதான். மூன்றாம் வாரம் ஜாமீன் கையெழுத்து. அண்ணன் தம்பி கேட்டாலும் போடாதீர்கள், கோயில் தலைவர் கேட்டாலும் போடாதீர்கள், ஏன், பாடம் சொல்லிக்கொடுக்கிற நானே வந்து கேட்டாலும் போடாதீர்கள் என்று சொல்லி, எல்லாரையும் சேர்ந்து ஒப்பிக்கச் சொன்னேன். அந்த மூன்றாவது ஆளை நான் சேர்த்திருக்க வேண்டாம்.

நான்காம் வாரம்தான் வினை. மளிகைக்கடைப் பற்று. ரிங்லெட்டில் சலாஹுதீன் நானா கடையில் பற்று இல்லாத குடும்பம் நம் தோட்டத்தில் கிடையாது என்பது தங்களுக்கே தெரியும். சம்பளத்தன்று பாதி கட்டுவது, மறுநாளே அந்தப் பாதிக்குச் சாமான் எடுப்பது, இப்படியே வருஷக்கணக்காக ஓடுகிறது. தாங்கள் அனுப்பிய சிறு புத்தகம் பழைய பாக்கியை முழுசாக அடைத்துவிட்டு ரொக்கத்துக்கு வாங்கப் பழகு என்கிறது. அடுத்த சம்பளத்தன்று கூட்டுச் சீட்டுக் காசை எடுத்தாவது எல்லாரும் அடைப்பது என்று முடிவாயிற்று. முன்மாதிரியாக நான் சேமநிதிப் பணத்தோடு முதல் ஆளாகப் போய், நின்றதையெல்லாம் கட்டி, கணக்கை முடித்துக் கோடு போடச் சொன்னேன். நானா உள்ளே போய் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொண்டுவந்து என் கையில் வைத்து, "எங்க இருந்தாலும் நல்லா இருங்க, கிராணியாரே" என்றார். கடன் தீர்ந்தவனை வாழ்த்துகிறார் என்று நினைத்து, நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியிலேயே நாலு தின்றேன்.

மச்சான், தோட்டத்துக் கணக்கை முப்பது வருஷம் எழுதியவனுக்கு இந்த ஒரு விஷயம் ஞாபகம் வராமல் போயிற்று. இந்த ஊரில் கடைக் கணக்கை ஒருவன் முழுசாக முடிக்கிறான் என்றால், ஊரைவிட்டுப் போகிறான் என்றுதான் பொருள். பத்து வருஷத்துக்கு முன்னால், குடியுரிமை கிடைக்காத சிவப்பு ஐ.சி.க்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்களே, அப்போது ஒவ்வொரு குடும்பமும் இப்படித்தான் பைசா பாக்கியில்லாமல் கட்டியது, நானாவும் இப்படித்தான் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார். போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பேரீச்சம்பழம்.

எனக்குப் பின்னால் தங்கம்மா, அவருக்குப் பின்னால் இருளப்பன், பிறகு வரிசையாக வகுப்பு முழுவதும். பேரீச்சம்பழம் தீர்ந்து கடைசியில் வந்தவர்களுக்கு மாரி பிஸ்கட் கொடுத்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் தோட்டத்தை விற்றாகிவிட்டது, தேயிலையைப் பிடுங்கிவிட்டு முட்டைக்கோஸ் போடப் போகிறார்கள் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. மறுநாள் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்த அரிசி லோரியை நானா அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். வாங்க ஆளில்லாத ஊரில் அரிசியை வைத்து என்ன செய்ய என்று கேட்டாராம். துரை ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டு, தோட்டத்தை விற்றுவிட்டதாக எனக்கு யார் சொன்னது என்று விசாரித்தார். அதையெல்லாம் நான் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது ஒன்று இருந்தது.

நம்ம சாரதாவைத் திரிங்காப் நாகப்பன் வீட்டுக்குப் பேசியிருந்தோம். தாங்களும் தெரிந்த இடம் என்றுதான் சொன்னீர்கள். காய்கறித் தோட்டம், சொந்த லோரி, பையன் செல்லையா தங்கமான பிள்ளை. சாரதா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பாலர் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகும்போது பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டாரைப் பற்றி மளிகைக்கடையில் ஒரு வார்த்தை கேட்பது இங்கே வழக்கம். நாகப்பன் கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத நானா, "நல்ல மனுஷன், பாக்கி ஒரு காசு இல்ல. ஆனா கணக்க முடிச்சிட்டாருலா, ஊருக்குக் கெளம்புறாரு போல" என்று சொல்லிவிட்டார். நாகப்பன் வீட்டில் சூடுபட்ட அனுபவம் இருக்கிறது. மூத்த மருமகளின் வீட்டார் கல்யாணமான மறு வருஷமே கப்பலேறிவிட்டார்கள். அந்தப் பெண் பிரசவத்துக்கு நாகப்பட்டினம் போய், பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகுதான் திரும்பி வந்தாள். இன்னொரு தடவை முடியாது, மன்னிக்கவும் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

நான் நேரில் போய் எங்கேயும் போகவில்லை என்று சத்தியம் செய்தேன். போகிறவர்கள் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை என்று நாகப்பன் மரியாதையாகவே பதில் சொன்னார். வீட்டுக்கு வந்தால் தங்கள் தங்கை அடுப்போடு பேசுகிறாள், என்னோடு பேசுவதில்லை. சாரதா மட்டும் தேத்தண்ணி வைத்துவிட்டு நின்றாள். "ஊருக்கெல்லாம் வரவு செலவு பிரிச்சுக் காட்டுனீங்களேப்பா. நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்?" என்று கேட்டாள். அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

மறுபடி திரிங்காப்புக்குப் போய், என்ன செய்தால் நம்புவீர்கள் என்று கேட்டேன். நானா மறுபடியும் பற்று வைக்கட்டும், அப்போது நம்புகிறோம் என்றார்கள். ஆகவே, கடனே கூடாது என்று பாடம் நடத்திய நான், கடன் கேட்டு நானா கடையில் போய் நின்றேன். கிளம்புகிற ஆளுக்குப் பற்று எப்படி வைப்பது, யாராவது ஜாமீன் நிற்கட்டும் என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. என் மாணவர்கள் பாதிப் பேர் கடையில்தான் இருந்தார்கள். இருளப்பனைக் கேட்டேன். "பாடம் சொல்ற நானே வந்து கேட்டாலும் போடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, கிராணி" என்றார், வெகு பணிவாக. தங்கம்மாவைக் கேட்டேன். அவர் அண்ணன் தம்பியிலிருந்து தொடங்கி மூன்றாம் வாரப் பாடத்தை முழுசாக ஒப்பித்தார். அறிக்கையில் 'பயன்' என்ற கட்டத்தில் தாங்கள் 'மிக நன்று' என்று எழுதிக்கொள்ளலாம்.

கடைசியில் கையெழுத்துப் போட்டவள் சாரதா. பாலர் பள்ளி ஆசிரியை, மாதச் சம்பளக்காரி, நானா ஒத்துக்கொண்டார். ஆனாலும் மனது கேட்காமல், "உங்கப்பா போயிட்டா நீங்கதான் கட்டணும், டீச்சர்" என்றார்.

"நான் இங்கதானே இருக்கப் போறேன் நானா. என்னை விட்டுட்டு அப்பா எங்க போவாரு?" என்றாள் சாரதா.

நான் கடலை எண்ணெய் டின்னைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன், மச்சான். வயதாகிவிட்டது. நானா புதுக் கணக்கு தொடங்கி முதல் வரியாக ஒன்றை எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'பேரீச்சம்பழம், ஒரு பொட்டலம்' என்று இருந்தது. போகாதவருக்கு எதற்கு இனாம் என்று கேட்டார். நியாயம்தான்.

அந்தக் கணக்கைக் கேள்விப்பட்டுத் திரிங்காப்பிலும் நம்பிவிட்டார்கள். தை மாதம் கல்யாணம். தாங்கள் மாமன் முறைக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும். வகுப்பை மூடிவிட்டேன்; மீதிப் புத்தகங்கள் தனிப் பார்சலில் வருகின்றன. ஆனால் ஒன்றில் மட்டும் புத்தகத்தின்படி நடப்பதாக இருக்கிறேன்: இந்தக் கல்யாணத்துக்கு ஒரு காசு கடன் வாங்க மாட்டேன், சேமநிதிக்குள்ளேயே முடிப்பேன். இதைத் தாங்கள் சங்கக் கமிட்டியில் வாசித்தும் காட்டலாம். அக்காவுக்கு எங்கள் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். எல்லாரும் நிறைந்த ஆயுளோடும் குறைந்த பாக்கியோடும் இருக்க ரிங்லெட் மாரியம்மன் துணை செய்யட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள,
காளியண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியம்மா வந்தார். கடனே இல்லாமல் கல்யாணம் என்றதும் முகம் வாடிவிட்டது. பேரீச்சம்பழக் கணக்கை எப்போது வேண்டுமானாலும் கட்டிவிட்டுக் கப்பலேறலாமே என்கிறார். தவணைக் கடன் இருக்கிறவன்தான் இந்த மலையில் இருப்பான் என்பது அவர் கட்சி. மூன்று வருஷத் தவணை போதுமா என்று கேட்டேன். ஐந்தாக இருந்தால் நிம்மதி என்றார். சாரதாவும் ஐந்தே இருக்கட்டும் என்றாள். ஆகவே தங்கள் சங்கத்தின் கடன் விண்ணப்பப் பாரம் இத்துடன் வருகிறது. ஜாமீன்தாரர் என்று தாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும் என்பது ஐந்தாம் வாரப் பாடம். நல்லவேளையாக அந்த வகுப்பு நடக்கவில்லை.