செண்பகவல்லி மீட்புக் குழு

பெண்ணுக்கு ஓர் அநீதி என்றால் துடித்தெழுந்தவர்கள் வரலாற்றில் பலர் உண்டு. ஆனால் தினமும் மாலை ஏழரை மணிக்குத் துடித்தெழுந்து, எட்டு மணிக்குள் அழுது முடித்து, இடையில் விளம்பரம் வரும்போது தண்ணீரும் குடித்துக்கொண்டவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒருவர்தான். அவர் கோபாலசுப்பிரமணியன். அங்கே ஒரு மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளியின் தாளாளர். பள்ளி அவருக்குத் தொழில். 'நாத்தனார் வீட்டு நந்தவனம்' என்ற தொலைக்காட்சித் தொடர் அவருக்கு வாழ்க்கை.

அந்தப் பக்திக்கு ஒரு சான்று போதும். தாமிரபரணியின் பெருவெள்ளம் வீட்டுக்குள் புகுந்த அன்று, முதலில் மாடிக்கு ஏறியது தொலைக்காட்சிப் பெட்டி. அடுத்தது அதன் ரிமோட். மூன்றாவதாக அவர் மனைவி கோமு தானாகவே நடந்து ஏறிக்கொண்டாள்.

வெள்ளத்துக்கே கலங்காதவர் ஒரு திங்கட்கிழமை நிலைகுலைந்து போனார். தொடரின் நாயகி செண்பகவல்லி, மாமியாருக்குக் காப்பி போட அடுக்களைக்குள் போனாள். காப்பியோடு வெளியே வந்தது வேறொருத்தி. திரையின் கீழே 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி வந்து போனது. மாமியார் மறுபேச்சின்றிக் காப்பியை வாங்கிக் குடித்தாள். கணவன் மட்டும் உற்றுப் பார்த்து, உன் கண்ணில் ஏன் இந்தச் சோகம் என்று கேட்டான். சோகத்தைக் கண்டுபிடித்தவனுக்கு முகம் மாறியது தெரியவில்லை.

"நாலு வருசமா கூட வாழுதான். பொண்டாட்டி மூஞ்சி மாறுனதுகூடவா தெரியாது" என்று கோபாலசுப்பிரமணியன் புலம்பினார்.

"எந்த வீட்டுல தெரிஞ்சிருக்கு" என்றாள் கோமு. அவள் புதிதாகக் கண்ணாடி போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாளே பள்ளி ஹாலில் 'செண்பகவல்லி மீட்புக் குழு' உதயமாயிற்று. தலைவர் அவரே. பொருளாளர் பலசரக்குக் கடை அம்பலவாணன். செயலாளர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜாய்சி. உவரிக்காரி. கணவன் அஜினுக்குக் கப்பலில் வேலை. ஜாய்சிக்குத் தொடர் பார்க்கும் பழக்கமே கிடையாது. தாளாளர் 'கேட்டுக்கொண்டதால்' அன்று முதல் பார்க்கத் தொடங்கினாள்.

முதல் கூட்டத்தில் புதியவளின் அழுகை ஆழமாக விவாதிக்கப்பட்டது. "பழைய பிள்ளை அழுதா நமக்குத் தொண்டைய அடைக்கும். இது அழுதா சளி பிடிச்சிருக்கோன்னு தோணுது வே" என்றார் அம்பலவாணன். அந்தக் கருத்து அப்படியே தீர்மானமாக்கப்பட்டு ஒருமனதாக நிறைவேறியது.

பழைய நடிகை ஸ்ரீலக்ஷ்மி ஏன் நீக்கப்பட்டாள் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அவள் கொடுத்த பேட்டி ஒன்றை ஜாய்சிதான் செல்போனில் கண்டெடுத்துக் கொடுத்தாள். ஸ்ரீலக்ஷ்மி கர்ப்பமாக இருந்தாள். கதைப்படி செண்பகவல்லியும் கர்ப்பிணிதான். ஆனால் அவள் இரண்டு ஆண்டுகளாக மூன்றாம் மாதத்திலேயே இருந்தாள். நடிகைக்கோ ஆறாம் மாதம் வந்துவிட்டது. கதையைவிட வயிறு வேகமாகப் போனதால் தயாரிப்பு நிறுவனம் ஆளை மாற்றிவிட்டது.

கோபாலசுப்பிரமணியன் பொங்கினார். உள்ளூர் கேபிள் சேனல்காரர்களை வரவழைத்து, பள்ளியின் சரஸ்வதி படத்துக்குக் கீழே நின்று முழங்கினார். தாயாவது ஒரு குற்றமா என்று கேட்டார். பிள்ளை பெறப் போகிறவளின் வேலையைப் பறிக்கிறவன் மனிதனே இல்லை என்றார்.

"அவ பிள்ளை பெத்து வாரது வரைக்கும் அந்த இடம் அப்படியே கிடக்கட்டும். அதனால யாரும் செத்துர மாட்டோம்" என்று அவர் சொல்லி முடித்தபோது கேமரா பிடித்தவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சு முக்கூடலிலிருந்து ராதாபுரம் வரை செல்போன்களில் சுற்றியது. பிறகு சென்னைக்கும் போய்ச் சேர்ந்தது. நிறுவனம் பணிந்தது. செண்பகவல்லி சிங்கப்பூருக்குப் போய்விட்டதாகக் கதையை மாற்றினார்கள். பிரசவம் முடிந்ததும் ஸ்ரீலக்ஷ்மியே விமானத்திலிருந்து இறங்குவாள் என்று அறிவித்தார்கள். குழு அல்வா வழங்கிக் கொண்டாடியது.

அல்வாவின் நெய் கையில் காய்வதற்கு முன் ஜாய்சி தாளாளர் அறைக்குள் வந்தாள். தனக்கு ஐந்தாம் மாதம் என்றாள். இத்தனை நாளும் சேலை முந்தானையை இழுத்துச் செருகி மறைத்துவைத்திருந்ததாகச் சொன்னாள். இதே பள்ளியில் முன்பு இரண்டு டீச்சர்கள் வயிறு தெரிந்ததும் காணாமல் போனார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"கேக்கவே பயமா இருந்துச்சு சார். நீங்க டி.வி.ல பேசுனதக் கேட்ட பொறவுதான் தைரியம் வந்துச்சு. பிரசவத்துக்கு லீவு வேணும். முடிஞ்சதும் வந்துருவேன். அதுவரைக்கும் பாடம் எடுக்க ஒரு பிள்ளைகிட்ட பேசி வச்சிருக்கேன்."

கோபாலசுப்பிரமணியன் மனமார வாழ்த்தினார். இன்னொரு துண்டு அல்வா எடுத்துக்கொள்ளச் சொன்னார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு பைய விளக்கினார்.

"அது நாடகம்மா. செண்பகவல்லிய சிங்கப்பூர்ல கொண்டு வச்சிரலாம். மூணாங் கிளாஸ எங்கன கொண்டு வைக்க?"

அவர் கவலையெல்லாம் அவள் உடம்பைப் பற்றித்தான். நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்றார். அந்த ஓய்வு இந்த வாரமே தொடங்க வேண்டும் என்றார். முடிவது எப்போது என்பதைச் சொல்லவில்லை. முகம் மாறி மாறி வந்தால் பிள்ளைகள் குழம்பிப்போகும் என்ற கல்வி உளவியலையும் எடுத்துரைத்தார். ஜாய்சி அல்வாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் புதிய டீச்சர் அறிமுகம் செய்யப்பட்டாள். ஜாய்சி மிஸ் எங்கே என்று ஒரு சிறுமி கேட்டாள். தாளாளர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

குழுவின் செயலாளர் பொறுப்புக்கு மட்டும் அவர் மாற்று ஆள் போடவில்லை. அவ்வளவு அழகாகத் தமிழ் எழுத வேறு யாரும் அகப்படவில்லை. ஆகவே ஸ்ரீலக்ஷ்மியின் புகைப்படத்துக்குப் பள்ளி ஹாலில் வளைகாப்பு நடத்த முடிவானபோது, வரவேற்புரை வாசிக்க ஜாய்சிக்கு அழைப்பு போயிற்று. ஏழாம் மாத வயிற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கி அவள் வாசித்தாள்.

படத்துக்குச் சந்தனம் பூசினார்கள். சட்டத்தின் இரு மூலையிலும் வளையல்களைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். கோமு எழுந்து போய், ஒரு பக்கத்து வளையல்களைக் கழற்றிவந்து ஜாய்சியின் கையில் போட்டாள்.

"அது ஸ்ரீலக்ஷ்மிக்கு வாங்குனதுல்லா" என்றார் கோபாலசுப்பிரமணியன் தாழ்ந்த குரலில்.

"படம் எப்பம் பிள்ளை பெறும்?" என்றாள் கோமு.

ஜாய்சி வளையல்களைப் பார்த்தபடி கேட்டாள். "சார், நானும் நாடகத்துல இருந்திருந்தா எனக்காகவும் பேசியிருப்பிய, என்ன?"

இதை அவர் ஒரு விண்ணப்பமாகவே எடுத்துக்கொண்டார். அவர் முகம் கருணையால் மலர்ந்தது.

"தாராளமா சிபாரிசு பண்ணுதேன்மா. மொதல்ல பிரசவம் முடியட்டும். வயித்தோட போனா அங்கன வேலைக்கு எடுக்க மாட்டாங்க."