நத்தைக்கு நம்பர் எழுதிய ஜீப்பு மாமு

கம்பத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர்கள் எத்தனையோ பேர். நத்தை ஏற்றிய டிரைவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்ததை அல்லாஹ் எனக்குச் செய்த தனிக் கிருபை என்றுதான் சொல்வேன்.

பெயர் என்னமோ இருந்தது. யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் ஜீப்பு மாமுதான். வயதாகிவிட்டதென்று மகள் கண்டித்துச் சொல்லி வண்டியை விற்க வைத்தாள். வண்டி போனதே தவிர, மாமு ஓட்டுவதை நிறுத்தவில்லை. தெருமுனை திரும்பினால் வாயாலேயே ஹாரன் அடிப்பார். எதையாவது மறந்து வீட்டுக்குத் திரும்பினால் ரிவர்ஸிலேயே நடந்து வருவார். ஒருநாள் அப்படி வந்து தயிர்க்காரம்மா மேல் மோதி, தெருவெல்லாம் தயிர். "கைய நீட்டித்தானே வந்தேன், பாக்கலையா?" என்று சண்டைக்கும் நின்றார். "கை முன்னாடி பக்கமுல்ல நீண்டுச்சு!" என்று அந்தம்மா கத்தியது பள்ளிவாசல் வரை கேட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு நிய்யத்து வைத்தேன். "யா அல்லாஹ், இவரை நடத்தியே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடு. வருகிற ரமலான் முப்பது நாளும் நோன்புக்கஞ்சிக்குப் புதினாவும் மல்லியும் என் கையால் வளர்த்துப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கிறேன்." அவன் கொடுத்துவிட்டான். இவர் நடந்தே வந்தார். இனி கொடுக்க வேண்டியது நான். சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்தான். 'என் கையால் வளர்த்து' என்று சொல்லிவிட்டேனே!

விஷயம் கேள்விப்பட்ட மாமு, பழைய சிநேகிதர் ஜீப்பில் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக மண் இறக்கினார். எனக்கு இரண்டு மூட்டை. தெருவில் செடி வைத்திருந்த மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்று.

"ஏலத்தோட்டத்துக் கருமண்ணு ஆத்தா. இதுல கல்ல ஊண்டுனாலும் மொளைக்கும்."

ஒரு மூட்டையைப் பாத்தியில் கொட்டினேன். மற்றதைச் சுவரோரம் வைத்தேன். கொல்லை பச்சைப்பசேல் என்று ஆனது. சில வாரம் கழித்து, விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால் காம்புதான் நிற்கிறது. பாத்தி முழுக்க நத்தை. கொண்டைக்கடலை அளவில் குஞ்சு, எலுமிச்சை அளவில் பெரிசு. அடுப்படிக்கு ஓடி உப்பு ஜாடியை எடுத்து வந்தேன். சுவருக்கு மேலே மாமு தலை தெரிந்தது.

"ஆத்தா, பிரேக்கு! வாயில்லா ஜீவனுக்கு உப்பா போடுவ? அவுகள வண்டியில ஏத்தி அங்கிட்டு எறக்கி விட்டாப் போச்சு."

நத்தைக்கும் மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் அவர்.

பாத்தி நடுவில் நனைத்த சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலை போட்டார். அதற்குப் பெயர் ஜீப் ஸ்டாண்டு. விடியும்போது நத்தையெல்லாம் அதற்குள் கூடிவிடும். மாமு கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு வாளியோடு வந்து, மலைக்கு ஆள் கூப்பிடும் அதே குரலில் கூவுவார். "குமுளி, குமுளி, குமுளி! ஏறுங்க, எடம் கெடக்கு. பெரியவரே, கொம்ப மடக்கிட்டு உள்ள தள்ளி ஒக்காருங்க!" அவர் ஜீப்பில் எப்படி அடைத்தாரோ அப்படியே வாளியிலும் அடைப்பார். பிறகு வாய் ஹாரனோடு கால்வாய்க்கரைப் பக்கம் போவார்.

பத்து நாள் ஆகியும் கூட்டம் குறையவில்லை.

"மாமு, போன ஆளுகளே திரும்பி வர்ற மாதிரி இருக்கே?"

"நா எறக்கிவிட்ட பாசஞ்சரு ஒருத்தர் திரும்பி வந்ததில்ல!" என்று கோபித்துக்கொண்டார். மறுநாள் மஞ்சள் பெயின்ட்டோடு வந்து ஒவ்வொரு ஓட்டிலும் நம்பர் எழுதினார். வண்டி நம்பர் மாதிரி TN 60 என்று முழுதாக எழுத ஓட்டில் இடம் இல்லையென்று அவருக்கு ஒரே வருத்தம்.

மூன்றாம் நாள் காலை சாக்கைத் தூக்கினால், நாலாம் நம்பர் உட்கார்ந்திருக்கிறது.

"யா ரப்பே! கால்வாயிலருந்து மூணே நாள்லயா? என்னா பிக்கப்பு!" என்று மாமு அதைத் தூக்கிக் காட்டினார்.

நான் முறைத்தேன். "மாமு, உண்மையச் சொல்லுங்க. எங்கன எறக்கி விடுறீக?"

மாமு முட்டியைத் தடவினார். "கால்வாய் வரைக்கும் போக முட்டி வலிக்குது ஆத்தா. அதேன் ஒங் கொல்லச் சொவத்துக்கு அங்கிட்டே எறக்கிட்டேன். மிச்சத்த அவுகளே நடந்துக்கிருவாகன்னு..."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோன்புக்கு நாற்பது நாள்தான் இருந்தது. அழுதுகொண்டே, புதிதாக விதைக்கலாமென்று இரண்டாவது மூட்டையைப் பிரித்தேன். மண்ணுக்குள் ஜவ்வரிசி கொட்டிவைத்த மாதிரி முட்டை, குவியல் குவியலாக. பக்கத்தில் தாய் நத்தை சுகமாக இருந்தது.

மாமு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்தா... இவுகள ஏத்திட்டு வந்த டிரைவரே நாந்தேனா?"

அன்று அவர் ஹாரன் அடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சுபுஹு முடிந்ததும் வந்தார். கையில் இரண்டு வாளி. ஒன்றில் உப்புத்தண்ணீர். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "யா அல்லாஹ், இந்தப் புள்ள ஒனக்குக் குடுத்த வாக்குக்காகச் செய்றேன். குத்தம் எம்மேலதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் நத்தையைப் போட்டார். பாத்தி மண்ணையும் மூட்டை மண்ணையும் அள்ளி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, மாடியில் காயவைத்தார். ஆறிய மண்ணைப் பாத்தியில் போட்டு, சுற்றிலும் சாம்பல் கரை கட்டினார். நான் மல்லி விதைத்து, புதினாக் காம்பு ஊன்றினேன். நாற்பது நாளும் வந்தார். எனக்கு மட்டுமில்லை, அந்த மண் போன வீடு ஒவ்வொன்றுக்கும் போனார். தயிர்க்காரம்மா வீட்டுக்கும்தான்.

முதல் நோன்பன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு புதினாக் கட்டும் மல்லிக் கட்டும் அறுத்துக் கொடுத்தேன். மாமு தலையில் வைத்துக்கொண்டு, வழிநெடுக ஹாரன் அடித்துப் பள்ளிவாசலில் இறக்கினார். முப்பது நாளும் அவர்தான் வண்டி. நோன்பு திறந்து கஞ்சி குடித்த என் வீட்டுக்காரர், "புதினா கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். குறை சொல்ல அவர் உயிரோடு இருக்கிறாரே, அல்ஹம்துலில்லாஹ்!

மாமு இப்போது மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். மழை பெய்த மறுநாள் காலையில் போன் வந்துவிடும். "ஆத்தா, இன்னைக்கு எத்தன டிக்கெட்டு?"

போன வாரம் சாக்கைத் தூக்கினால், அடியில் பெரிதாக ஒன்று. ஓட்டில் மங்கிப்போன மஞ்சளில் 4. அன்றைக்கு உப்புத்தண்ணீருக்குத் தப்பிய அதே ஆள். போனில் சொன்னேன். மாமு மெதுவாகக் கேட்டார்.

"உப்பு... போட்டுட்டியா ஆத்தா?"

"இல்ல மாமு. நானே கால்வாய் வரைக்கும் கொண்டுபோய் எறக்கி விட்டுட்டேன். ஒங்க பாசஞ்சருல்ல."