ஏழாங்கதவுக் கனவு

"அப்படி என்ன கனவு கண்டீங்க?" என்று றபீக்கா கேட்டபோது மீராசாவின் வாயில் பாதி ரொட்டி இருந்தது. அதை மென்று விழுங்கி முடிப்பதற்குள் ஒரு பதில் தேட வேண்டும்.

"கனவா?"

"ராவு முழுக்கக் கத்தினீங்களே, 'கதவத் துறக்காத, துறக்காத' எண்டு. என்ட கையப் புடிச்ச புடியில வளையலும் நெளிஞ்சு போச்சு."

கத்தியிருப்பான். முந்திய நாள் பின்னேரம் கல்முனைத் தியேட்டரில் அவன் பார்த்த படம் அப்படிப்பட்டது. மட்டக்களப்பில் ஓடி முடிந்து இங்கே வந்திருந்த பேய்ப் படம். ஒருவன் கனவில் ஒரு பழைய வீட்டுக்குள் போய், ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறான். விழித்துப் பார்த்தால் கனவில் கண்ட ஏதோ ஒரு பொருள் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஏழாவது கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் படத்தின் உயிர். அதை மட்டும் மீராசா பார்க்கவில்லை. கதவு கிறீச்சிடத் தொடங்கியதும் லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டவன், தியேட்டரில் லைற் போட்ட பிறகுதான் எடுத்தான்.

படம் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அதைத்தான் சொல்ல முடியாது. மீராசா ஊரறிந்த படப் பைத்தியம். படம் மாறுகிற வாரத்தில் அவனுடைய தையற்கடையில் காற்சட்டைக்குத் துணி கொடுத்தவர்கள் பெருநாளன்று பழைய சாரனோடு பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். அதனால் கலியாணம் பேசியபோது றபீக்கா கேட்டது ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை இனித் தியேட்டர் பக்கம் போகக் கூடாது. அவனும் பெரிய மனிதர்களுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தான். எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுகிறவன். அந்தப் பெட்டி இப்போதும் அலுமாரிக்கு மேலே தயாராக இருந்தது.

பெட்டியைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். றபீக்கா அவனை முழுக்க நம்பினாள். பெருநாள் தையல், வரச் சுணங்கும் என்று சொன்னால் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பாள். அந்த நம்பிக்கையை இழக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"ஓம், கனவுதான்" என்றான். பிறகு படத்தின் கதையை எடுத்துவிட்டான்.

அவன் கதை சொல்வதில் கெட்டிக்காரன். இரண்டாம் கதவுக்கு வரும்போதே றபீக்காவின் தேத்தண்ணி ஆறிவிட்டது. குசினிக் கதவுக்குப் பின்னால் அவளுடைய உம்மா சபியா உம்மா வந்து நின்றாள். அவள் மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை, எல்லாம் மகள் வழியாகத்தான்.

"றபீக்கா, அந்தக் கதவெல்லாம் என்ன நெறமாம், கேளு."

"பச்சை எண்டு சொல்லு" என்றான் மீராசா.

"மறுகா?" என்றாள் றபீக்கா.

"ஏழாவது கதவடிக்குப் போனன். கைய வெச்சன். முழிச்சிட்டன்."

குசினிக்குள் அகப்பை விழுந்தது.

"ஏழு கதவாம். புள்ளைக்கும் இது ஏழாம் மாசம்" என்றது சபியா உம்மாவின் குரல்.

மீராசா இதை யோசிக்கவே இல்லை. றபீக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். ரொட்டித் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள். கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் துப்பிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும், யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஓதப்பள்ளியில் படித்தது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். இனிச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

அன்று பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு சபியா உம்மா ஆளனுப்பி அபுல் ஹஸன் லெவ்வையை வீட்டுக்கு அழைத்துவிட்டாள். ஊரில் கனவுக்குப் பலன் சொல்கிறவர் அவர்தான். மெலிந்த மனிதர். பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழங்காலில் தாளம் போட்டபடி கேட்டார். மீராசா அவசரத்தில் மூன்றாம் கதவை விட்டுவிட்டு நாலாம் கதவுக்குத் தாவினான். லெவ்வையின் விரல் நின்றது.

"மூணாவது கதவுல என்ன?"

"அதுல... ஒரு கெழவி, லெவ்வை."

"தலமயிர விரிச்சுப் போட்டுக்கிட்டா?"

"ஓம்."

"ம். சொல்லுங்க."

"சொல்லாமலே தெரியிது பாரு" என்று குசினிக்குள் சபியா உம்மா வியந்தாள்.

மீராசா ஏழாவது கதவில் கை வைத்து, விழித்துக்கொண்டான். லெவ்வை கண்ணைத் திறந்தார். சோற்றுக்கு உட்கார்ந்தவருக்கு முன்னால் வெறும் தட்டை வைத்தது போல இருந்தது அவருடைய முகம்.

"இதுக்குள்ள முழிச்சிட்டீங்களா?"

"முழிப்பு வந்துட்டு லெவ்வை."

"முடிவில்லாத கனவுக்குப் பலன் சொல்ல ஏலா தம்பி. துறந்து என்னத்தக் கண்டீங்க, கண்டு என்ன செஞ்சீங்க, அதுலதான் எல்லாம் இரிக்கி. இண்டைக்கும் கை கால் கழுவி ஒளு எடுத்துட்டுப் படுங்க. மிச்சம் வரும்."

அன்றிரவும் றபீக்கா சாப்பிடவில்லை. "பசிக்கல்ல" என்றாள். தான் சொன்ன பொய்க்கு அவள் பட்டினி கிடக்கிறாள் என்று நினைக்க மீராசாவுக்கு நெஞ்சு வலித்தது.

காலையில் கடையைத் திறந்ததும் அவன் அருளம்பலத்தைத் தேடினான். அருளம்பலம் அவனுடைய கடையில் பொத்தான் கட்டுகிறவர், வயதில் மூத்தவர், அந்தப் படத்தைப் பார்த்தவர்.

"அண்ணன், அந்தப் படத்துல முடிவு என்ன?"

"நீயும் வந்தநீதானே, தம்பி."

"கண்ண மூடிட்டன்."

அருளம்பலம் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு ஆறுதலாகச் சிரித்தார். "கதவத் துறக்கான். உள்ளுக்குக் கட்டில்ல அவனே நித்திரையாக் கிடக்கான். பாத்துட்டுக் கதவச் சாத்துறான். லைற்றப் போட்டுட்டாங்க."

அந்த நேரம் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை மர்சூக் கோப்பைகளோடு உள்ளே வந்தான்.

"ஆரு சொன்ன சாத்தினதெண்டு? போய்த் தட்டி எழுப்பினவன்."

"கையத்தானே நீட்டினவன்."

"கைய நீட்டுறது வேற என்னத்துக்கு? எழுப்பத்தான்."

"கதவு சாத்துற சத்தம் எனக்குக் கேட்டது மர்சூக்."

"அது எனக்குப் பின்னால இருந்தவன் படம் முடிஞ்ச கோவத்துல கதிரைக்கு ஒதைச்ச சத்தம்."

காற்சட்டை அளவு பார்க்க வந்திருந்த ஒருவர், ஒரு கால் காற்சட்டைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றபடி, இருவரும் பிழை என்றார். கட்டிலில் கிடந்தது மையித்து, அவன் முதலாம் கதவிலேயே இறந்துவிட்டான், இது தெரியாதவர்கள் படம் பார்க்கப் போகக் கூடாது என்றார். மர்சூக் அதைவிடச் சிறந்த முடிவு உலகத்திலேயே இல்லை என்றான். அருளம்பலம், அது முடிவே இல்லை, படமெடுத்தவனுக்கு நித்திரை வந்திருக்கும் என்றார். பிறகு வெகுநேரம் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்கவில்லை.

மீராசா மர்சூக்கின் முடிவைத் தேர்ந்தெடுத்தான். 'எழுப்பினான்' என்பது காதுக்கு நன்றாக இருந்தது. மறுநாள் லெவ்வை வந்தபோது அடக்கமாகச் சொன்னான்.

"மிச்சம் வந்துட்டு லெவ்வை. உள்ளுக்கு நானே படுத்துக் கிடக்கன். தட்டி எழுப்பினன்."

"எழுப்பினீங்களா?" லெவ்வை முன்னால் குனிந்தார். "நல்லாப் பாத்தீங்களா? கச்சிமுகம்மது நேத்துக் கதவச் சாத்தினதாத்தானே சொன்னார்."

"ஆரு?"

"அவருக்கும் இந்தக் கனவுதான். இன்னும் கொஞ்சப் பேருக்கும் வந்திரிக்கி. ஒருத்தர் சொல்ற முடிவு மத்தவருக்குச் சரிவருதில்ல."

மீராசாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மீன் வியாபாரி கச்சிமுகம்மது அன்று தியேட்டர்க் கலரியில் இவனுக்கு முன் வரிசையில் தலையில் துவாய் போட்டு மறைத்துக்கொண்டு இருந்தான். அவனிடமும் காலைச் சாப்பாட்டு நேரம் பெண்சாதி கேட்டிருப்பாள்.

பெண்களுக்கு வேறு விதமாக விளங்கியது. சபியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினியை விட்டு வெளியே வந்தாள். கலியாணம் முடித்து இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மருமகனைப் பார்த்து நேரே கதைத்தாள்.

"மருமகன், இது ஊருக்கே வந்த சோதனை."

அதன் பிறகு செய்தி தெருத்தெருவாகப் போனது. படம் பார்த்துவிட்டு என்ன சாக்குச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரு கனவு தைத்து மடித்துக் கையில் கிடைத்தது. லெவ்வையின் வாசலில் பெண்சாதிமார் புருசன்மாரைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நித்திரையில் குறட்டையைத் தவிர வேறொன்றும் கண்டறியாதவர்கள்கூடப் பச்சைக் கதவைப் பற்றிக் கதைத்தார்கள்.

றபீக்கா மெலிந்துகொண்டே போனாள். வெட்டு மிச்சத் துணியில் மீராசா பிள்ளைக்காகச் சின்னச் சின்னச் சட்டைகள் தைத்து வைத்திருந்தான். அவற்றை அவள் ஒவ்வொன்றாக மடித்து ஒரு பைக்குள் போட்டு வாயைக் கட்டினாள்.

"ஏன் புள்ள?"

"பாத்துக்கிட்டிருந்தாப் பயமா இரிக்கி. பொறகு பாப்பம்."

அவனால் தாங்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

"றபீக்கா, நான் ஒண்டு சொல்லணும்."

"நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். நீங்களும் பயந்துதான் இரிக்கீங்க. எனக்கிட்ட ஒண்டையும் மறைக்காத மனிசன் நீங்க, அது போதும் எனக்கு."

திறந்த வாயை மீராசா மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அசறுக்குப் பிறகு கனவு கண்டவர்கள் எல்லோரும் தன் வளவுக்கு வர வேண்டும் என்று லெவ்வை சொல்லியனுப்பினார். முடிவு ஒன்றாகாமல் பலன் சொல்ல முடியாதாம். ஆண்கள் பாயில் இருந்தார்கள். பெண்கள் கிடுகு வேலிக்கு அப்பால். ஆண்கள் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எவன் எந்த வரிசையில் இருந்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"முழுக்கச் சொல்ல வேணாம்" என்றார் லெவ்வை. "எனக்கு முடிவு மட்டும் போதும்."

"கதவச் சாத்தினன்" என்றான் கச்சிமுகம்மது.

"நான் எழுப்பினன்" என்றான் மர்சூக்.

"சாத்தாம எப்படி? டக்கெண்டு சத்தம் கேட்டதே."

"கலரியில இருந்து பாத்தா ஒனக்கு எங்க வெளங்கப் போகுது?"

"கலரியா?" என்று வேலிக்கு அப்பால் ஒரு பெண்குரல் கேட்டது.

மர்சூக் தொப்பியைச் சரிசெய்தான். "கனவுலதான்... கலரி மாதிரி ஒரு இடம்."

"வரும், வரும்" என்று லெவ்வை அவசரமாகக் கையை அசைத்தார். "கனவுல எல்லா எடமும் வரும். நீங்க முடிவச் சொல்லுங்க, மீராசா."

மீராசா எழுந்தான். கிடுகு இடைவெளியில் றபீக்காவின் கண்கள் தெரிந்தன. குழி விழுந்த அந்தக் கண்களைப் பார்த்ததும் சாத்தினதும் எழுப்பினதும் அவனுக்கு ஒன்றாகவே பட்டன. இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது.

"நேத்து முழுசா வந்தது, லெவ்வை. கட்டில்ல கெடந்தது நான் இல்ல. கிட்டப் போய்ப் பாத்தன். ஒரு சின்னப் புள்ள. நல்ல நித்திரை. நான் தச்ச சட்டை போட்டிருந்தது. காத்து வரட்டும் எண்டு கதவ அகலத் துறந்து வெச்சுட்டு, வாசல்ல குந்திக்கிட்டு இருந்தன். விடியிற வரைக்கும் ஒண்டும் வரல்ல."

லெவ்வை இரண்டு கையாலும் தொடையில் தட்டினார்.

"இதுதான் முடிவு. இப்பதான் மனசுக்குச் சரியா இரிக்கி." குரலைச் செருமிக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினார். "துறந்த கதவு லேசான பேறு. நித்திரைப் புள்ள ஆரோக்கியமான புள்ள. பயப்பட ஒண்டும் இல்ல, அல்லா காப்பாத்துவான்."

"எனக்கும் அப்படித்தான் வந்தது. காலையில மறந்துட்டன்" என்றான் கச்சிமுகம்மது. மர்சூக்கும் தலையாட்டினான். படமெடுத்தவனுக்குத் தெரிந்திருந்தால் அவனும் தலையாட்டியிருப்பான்.

மீராசா வேலியைச் சுற்றிக்கொண்டு பெண்கள் பக்கத்து வாசலுக்குப் போனான். லெவ்வையின் பெண்சாதி ஹாஜறா ஒரு தட்டில் கொழுக்கட்டை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். றபீக்கா ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதை எடுத்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்து அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாகும் வரைக்கும் இனித் தியேட்டர் வாசலை மிதிப்பதில்லை என்று அவன் அந்த இடத்திலேயே உண்மையாக நினைத்துக்கொண்டான்.

"உங்கட லெவ்வைக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள் றபீக்கா. "எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டுட்டார்."

ஹாஜறா அவளுடைய தட்டில் இன்னொரு கொழுக்கட்டையை வைத்தாள்.

"அவருக்கும் இண்டைக்குத்தான் புள்ள நிம்மதி. போன மாசம் மட்டக்களப்புக்குப் போன எடத்துல அவருக்கும் இதே கனவுதான் வந்திரிக்கி, கடைசி பஸ் போயிடும் எண்டு முடிவப் பாக்காம எழும்பி ஓடி வந்துட்டாராம்."