இருபத்தோராவது தட்டு

ஆவுடையார்கோவில் தாலுகாவில் சாக்லேட்டைக் கண்டதும் ரத்தக்கொதிப்பு ஏறிய ஒரே மனிதர் எங்கள் ஜெராக்ஸ்காரர்தான். பாம்பைக் கண்டால் ஒதுங்கிப் போவார். கந்துவட்டிக்காரரைக் கண்டால்கூட ஒரு கும்பிடு போடுவார். விரல் நீளச் சாக்லேட் ஒன்றைக் கண்டால் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார். அவருக்கும் பெயர் என்று ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட ஆளைத்தான் பார்த்ததில்லை.

நான் அப்போது பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மெஷினும் என் மேசையும் ஒரே தகரக் கொட்டகையில் இருந்தன, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அந்தத் தடுப்பு ஒரு மாதம் தாங்கியிருக்காது. உடைத்துக்கொண்டு போய் அவர் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். நகல் எடுக்கக் கொடுத்த எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் மெஷினில் வைப்பார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு அவசரமாக வந்து நிற்பவரிடம், "சுகரு இந்த ஏறு ஏறியிருக்கு, நேத்துக்கூட டீக்கடையில பன்னு தின்னீங்களே" என்பார். ஜாதகத்தோடு வந்தவரிடம், "இந்தப் பையன் ஜாதகத்தைப் போன வாரம் வேற ஒருத்தரு கொண்டாந்தாரு, அங்க என்னாச்சு?" என்பார். வந்தவர் முகம் போகும் போக்கை நான் இந்தப் பக்கம் இருந்தே ஊகித்துக்கொள்வேன்.

அந்தப் பழக்கம்தான் எனக்கு வினையாக முடிந்தது. அறந்தாங்கியில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி தன் புராஜெக்டோடு வந்தாள். கோகோ தோட்டங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றித் தமிழில் எழுதியது. இவர் படிக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் இரண்டு பஸ்ஸை விட்டாள். மூன்றாவது பஸ் ஹாரன் அடிக்கும்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"ரைட்டரே, செத்த இங்கிட்டு வாங்க."

போனேன். ஒரு பக்கத்தில் புகைப்படம். இடுப்புயரக் கத்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன்.

"இவனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"பத்து இருக்கும்."

"சாக்லேட்டு செய்யிற காயை இவன்தான் வெட்டுறானாம். மூட்டையும் இவன்தான் தூக்குறானாம். ஒரு நாள்கூட அந்தச் சாக்லேட்டை வாயில வச்சது கெடையாதாம். எழுதியிருக்கு பாருங்க."

"ஆப்பிரிக்காவுல எங்கிட்டோ நடக்குறதுங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் இடது கைப் பெருவிரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் நகம் கிடையாது. "பத்து வயசுல நான் மீமிசல் கடக்கரையில மீனுக்கு ஐஸ் ஒடச்சேன் ரைட்டரே. மீனு வாங்குனவுகள்ல ஒருத்தராச்சும், இந்த ஐஸை ஒடச்சது யாருன்னு கேட்டிருப்பாகளா? இங்க இருக்கவுகளுக்கு மீமிசலே ஆப்பிரிக்காதான்."

அந்தப் படத்தை நகலெடுத்து மெஷினுக்கு மேலே ஒட்டினார். மறுநாள் துண்டறிக்கை தயாராகிவிட்டது. சும்மா கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று வாடிக்கையாளர்களின் நகலுக்குப் பின்பக்கமே அதையும் அடித்துக் கொடுத்தார். நான் எழுதிய கிரையப் பத்திரம் ஒன்றின் நகல், முதுகில் கத்தியோடு நிற்கும் பையனைச் சுமந்துகொண்டு கடன் கேட்ட பேங்குக்குப் போய்த் திரும்பி வந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் என் மேசையைத் தட்டினார். "வயலை அடமானம் வைக்கிறீங்களா, பையனை வைக்கிறீங்களான்னு கேக்குறாங்க. என்னய்யா எழுதிக் குடுத்தே?" நான் தடுப்பைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டேன். "அந்த ஆபீஸர் படிச்சாரா இல்லையா, அதச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து யார் லீவில் வந்தாலும் தெருவுக்கே சாக்லேட் கொடுப்பது வழக்கம். கொடுக்காவிட்டால் அவர் அங்கே ஒட்டகம் மேய்க்கிறார் என்று பேசுவார்கள். வாங்காவிட்டாலோ பெரிய அவமரியாதை. இவர் வாங்குவார், கண்ணாடியைப் போட்டுக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், "முத்திரை எங்க தம்பி?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுப்பார். தோட்டக்காரனுக்கு நியாயமான விலை கொடுத்தோம், பிள்ளைகளை வேலை வாங்கவில்லை என்பதற்கு ஃபேர் டிரேட் என்று ஒரு முத்திரை போடுவார்களாம். அவர் அகராதியில் அதற்குப் பெயர் 'நாயமான சாக்லேட்டு'. நான் எனக்கு வந்ததைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் குனிந்து சத்தமில்லாமல் பிரிப்பேன்.

"ரைட்டரே, கவர் சத்தம் கேக்குது."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சொந்தக் காசு, சொந்த வாய், இந்த மனுஷருக்கு என்ன? ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சாக்லேட் தொண்டையில் இறங்காது. அதுதான் பெரிய ஆத்திரம்.

ஒருமுறை முத்திரை போட்ட சாக்லேட்டை ஆன்லைனில் வரவழைத்தார். பங்குனி வெயிலில் அது கூரியரில் களிம்பாக வந்து சேர்ந்தது. ஸ்பூனால் வழித்து வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்தார். சிட்டா நகல் எடுக்க வந்த விவசாயி ஒருவர் நக்கிப் பார்த்து, "எந்த வைத்தியரு குடுத்த லேகியங்க இது?" என்று மரியாதையாகக் கேட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அவர் மகள் செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பார்க்க வந்த முதல் வீட்டாரிடம், அவர்கள் கொண்டுவந்த சாக்லேட் டப்பாவை வைத்து இவர் அரைமணி நேரம் பேசியதில் அந்தச் சம்பந்தம் முறிந்துபோயிருந்தது. இரண்டாவதாக அமைந்தது மீமிசல் மாப்பிள்ளை, துபாயில் வேலை. செல்விக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நிச்சயதார்த்தத்தன்று காலையில் அப்பாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் சாக்லேட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணுங்கப்பா."

பண்ணினார். அவர் மனைவி என்னிடம், "ரைட்டரண்ணே, அவுக பக்கத்துலயே நில்லுங்க" என்றார். நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டுச் சீர் மண்டபத்துக்குள் வந்தது. சேலை, பழம், பூ, வெல்லம் என்று இருபது தட்டுகள். இருபத்தோராவது தட்டில், ரிப்பன் கட்டிய சாக்லேட் கோபுரம். மாப்பிள்ளை பெட்டி நிறையக் கொண்டுவந்ததாம். நான் ஜெராக்ஸ்காரரின் முழங்கையை இறுகப் பிடித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிடியிலிருந்து நழுவிப் போய், தட்டைத் தூக்கி, வாசல் பெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கைகட்டி நின்றார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து தட்டுகளை எண்ணினார். "இருபது. ரெட்டைப்படையில சீரு வச்சு யாரு நிச்சயம் பண்ணுவாக? எங்க சீரைத் தூக்கி வெளிய வைக்கிறவுக, பொண்ணையும் நீங்களே வச்சுக்கங்க."

"ஏன்னு சொல்லுங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஜெராக்ஸ்காரர் வாயைத் திறந்தார். செல்வியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். ஊரில் ஒருத்தர் விடாமல் நிறுத்தி வைத்துப் பேசிய மனுஷர், பேசியே தீர வேண்டிய நேரத்தில் கண் கலங்கி நின்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியவில்லை. அதுவரை அவர்மேல் வந்துகொண்டிருந்த கோபம் முழுவதும் திசை மாறிவிட்டது.

"அவரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நிக்கிறாரு, நான் சொல்றேன்" என்றேன். வருஷக்கணக்காக நகல்களின் முதுகில் படித்ததெல்லாம் கடகடவென்று வந்தது. கத்தி, மூட்டை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், வருஷா வருஷம் 'சரிசெய்துவிடுவோம்' என்று சொல்லியே கொழுக்கும் கம்பெனிகள். "பளபளன்னு தங்கக் காயிதத்துல சுத்திக் குடுத்துட்டா, உள்ள இருக்கது யாரு கண்ணீருன்னு நாம கேக்க மாட்டோம்னு கம்பெனிக்காரனுக்கு ஒரு தைரியம். இந்த மனுஷன் பத்து வயசுல உங்க மீமிசல்ல ஐஸ் ஒடச்சவரு. இவரு கேக்காம வேற யாருங்க கேப்பா?"

மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார். "ஐஸ் ஒடச்சது எங்கிட்டு?"

அது சாக்லேட் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லையே. ஜெராக்ஸ்காரர் பதில் சொன்னார். "கருவாடு காயப்போடுற எடத்துக்கு எதுத்தாப்புல."

"எங்க அப்பா அங்கதான் மீனு எடுத்து வித்தாரு" என்றார் அந்த அம்மா. அவருடைய நகமில்லாத பெருவிரலைப் பார்த்தார். "ஐஸை ஒடச்சது யாருன்னு நாங்களும் கேட்டதில்ல." பிறகு நிமிர்ந்தார். "அதுக்காக ரெட்டைப்படையில நிச்சயம் பண்ண மாட்டேன். பதிலுக்கு என்ன வைக்கப் போறீங்க?"

ஜெராக்ஸ்காரர் சமையல்கட்டுக்கு ஓடினார். ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்தார். விருந்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க, முத்திரை போட்ட சாக்லேட்டை மறுபடியும் வரவழைத்திருந்தார். இந்த முறை உருகக் கூடாது என்று, பெட்டியும் ஐஸும் மீமிசல் மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். மூடியைத் திறந்ததும் முன்வரிசை முழுவதும் மூக்கைச் சுருக்கியது.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைப் பிரித்துக் கடித்தார். "மீன் வாடை அடிக்குது" என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான் முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் இன்னொரு கடி கடித்தார். "மீமிசல்காரிக்கு மீன் வாடை என்ன புதுசா? இங்கிட்டுக் குடுங்க சம்பந்தி, எங்க சீரா நானே வைக்கிறேன்."

இருபத்தோராவது தட்டு வைக்கப்பட்டது. தட்டு மாற்றினார்கள். வாசல் பெஞ்சிலிருந்த கோபுரம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். தாய்மாமன் கிளம்பும்போது அவர் பை கனமாக இருந்தது.

நான் புதுக்கோட்டைக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. இன்றும் கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவரைத் திருப்பி முத்திரை தேடுகிறேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார். முத்திரை இல்லாவிட்டால் வாங்கப் பிடிப்பதில்லை. முத்திரை இருந்து வாங்கினாலும், மீன் வாடை இல்லாமல் ஏதோ குறைகிறது. ஆயுசுக்கும் எனக்குச் சாக்லேட்டைக் கெடுத்துவிட்ட மனுஷர். எங்கிருந்தாலும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.