பன்னிரண்டாம் நம்பரின் பாத எரிச்சல்

“பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க ஐயா. பாதத்துல வலி எவ்வளவு இருக்கு?”

“ஏழுன்னு போட்டுக்கோம்மா. ஏழரைன்னாலும் தப்பில்ல.”

“அரையெல்லாம் கிடையாதுங்க.”

“அப்ப எட்டு.”

நர்ஸுக்குப் பகீரென்றது. போன வாரம் அவர் சொன்னது ஆறு.

“கவலைப்படாதீங்க. மூணுக்குக் கீழ இறங்கிட்டா உங்களை இப்படித் தொந்தரவு பண்ண மாட்டேன். மாசம் ஒரு தடவைதான்” என்று வழக்கமான ஆறுதலைச் சொல்லி ஃபோனை வைத்தாள்.

அந்தச் சின்னக் கம்பெனி நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த நரம்பு வலி மாத்திரையைப் பதினைந்து பேர் சாப்பிட்டு வந்தார்கள். வாராவாரம் அவர்களிடம் வலியைக் கேட்டு எழுதுவது அவள் வேலை. பதினான்கு பேருக்கு வலி மளமளவென்று இறங்கிவிட்டது. பன்னிரண்டாம் நம்பர், தனியாக வசிக்கும் பழைய தையல்காரர், மட்டும் ஏறிக்கொண்டே போனார்.

“மாத்திரையே வலியைக் கூட்டுதோ என்னவோ” என்று கம்பெனியின் விஞ்ஞானி நகத்தைக் கடித்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் இறங்கலைன்னா எல்லாத்தையும் நிறுத்திட வேண்டியதுதான். தினமும் கூப்பிடுங்க. அக்கறையா விசாரிங்க.”

தினமும் பத்து மணிக்குக் கூப்பிட்டாள். ஒரு மாப்பிள்ளையின் கால்சட்டையைத் தான் இடுப்பளவு மாற்றித் தைத்துவிட, அந்த மாப்பிள்ளை கல்யாணம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே நின்ற கதையை அரைமணி நேரம் சொன்னார் பெரியவர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சரி ஐயா, நம்பர்?”

“ஒன்பது.”

மெத்தென்ற செருப்பு வாங்கி அனுப்பினாள்.

“செருப்பு பஞ்சு மாதிரி இருக்கும்மா. எரிச்சல்தான் அடங்கல.”

சாயங்காலமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

“பத்துன்னு எழுத உனக்கு மனசு கஷ்டமா இருந்தா ஒன்பதாவே இருக்கட்டும்” என்றார் அவர், பெருந்தன்மையாக.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும், இவ்வளவு நல்ல மனுஷனுக்கு நம்மால் வலி கூடிவிட்டதே என்ற நினைப்புதான் அவளை அரித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு விஞ்ஞானியையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால், கதவில் பூட்டு.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களோ?” விஞ்ஞானி பூட்டை ஆட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி துணி காயப்போட வெளியே வந்தாள்.

“தாத்தாவா? கடைக்கு நடந்து போயிருக்கார். பத்து மணிக்குள்ள திரும்பணும்னு படியில ரெண்டு ரெண்டா தாவிட்டுப் போனார்.”

“தாவினாரா?” என்றார் விஞ்ஞானி. “ஒன்பது வலியோடயா?”

அந்தப் பெண்மணி நர்ஸை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பத்து மணிக்கு ஃபோன் பண்றது நீங்கதானா?”

நர்ஸ் தலையாட்டினாள்.

“எரிச்சல் போய் மூணு வாரமாச்சு. அதைச் சொன்னா, மாசத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவீங்களாமே?”